துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

துப்பாக்கிக் குழலுக்குள் இறங்கிய கம்பி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். இரும்பு இரும்பில் இடிக்கிற சத்தம் வரவில்லை. தலையணையில் குத்தினதுபோல மொத்தென்று ஒரு சத்தம்தான் வந்தது. துணியில் கோடு போடுகிற டெய்லர் சாக்பீஸால் குழலின் வாயோரத்தில் கம்பிமேல் ஒரு கோடு போட்டார். கம்பியை உருவி, குழலின் மேல்பக்கமாகக் கிடத்தி அளந்தார். திரும்பவும் அளந்தார். நான் பக்கத்திலேயே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் சுவர் கிடையாது. அந்தச் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கினபோது, இப்படியொரு விருந்தாளி மேசைமேல் வந்து படுக்கும் என்று எந்த இஞ்சினியரும் எனக்குச் சொல்லவில்லை.

"வாணி, அடுப்ப அணைச்சுப்போட்டு வெளிய போ கண்ணு" என்றார்.

அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டுப் பல வருஷமாகிறது. தோசை கல்லில் இருக்கிறது என்றேன். கருகினால் கருகட்டும், அணை என்றார், தலையை நிமிர்த்தாமலே. அடுப்பை அணைத்தேன். சாமி அறையில் காலையில் ஏற்றின விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூவால் குளிரவைக்கிற பொறுமையெல்லாம் அப்போது இல்லை, முந்தானையை வீசி அணைத்தேன். வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்தார். உள்ளே குண்டும் வெடிமருந்தும் கெட்டித்திருக்கிறது, உங்கப்பா துப்பாக்கி நிறைந்த வாயோடு இருக்கிறது என்றார்.

என் வீட்டுக்காரர் சசிகுமாருக்கு வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. துணி செக்கிங் என் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. பழைய துப்பாக்கி அவருடைய கிறுக்கு. சுடுகிற கிறுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. தீபாவளிக்குச் சரவெடி கொளுத்த மகள் அக்ஷராவை விட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிற மனுஷர் அவர். ஆனால் எங்காவது ஒரு பழைய குழல், ஓர் உடைந்த விசை, மருந்து போட்டுவைக்கிற மாட்டுக்கொம்பு இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கம்பெனியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தாலும் காரை எடுத்துவிடுவார். கொண்டுவருவதெல்லாம் செத்த சாமான், அதுவும் முறையான அனுமதியோடுதான். அதை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவார், வரைவார், படம் பிடிப்பார், எந்தச் சீமையில் எந்தக் கொல்லன் எப்படி அடித்திருப்பான் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார், பின்னல் மெஷினுக்கு விடுகிற நீடில் ஆயிலில் பனியன் வேஸ்ட்டை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருகிறார், என் வீட்டுக்காரர் துருப்பிடித்துப்போய் வருகிறார் என்று நான் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கொடுத்த வீட்டிலேயே ஒரு துப்பாக்கி இருந்ததுதான் வினை. என் அப்பா மணியனுக்கு வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் தோட்டம். அங்கே எங்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்துச் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு, திரியால் தீ வைத்துச் சுடுகிற ஒரு திரித்துப்பாக்கி. எங்கள் முன்னோர் சாமியப்பன் என்பவர், ஊதியூர் மலையிலிருந்து இறங்கி மாட்டுப்பட்டிக்குள் புகுந்த சிறுத்தையை ஒரே வேட்டில் சாய்த்தது இதை வைத்துத்தான் என்பார்கள். கதைக்கு இருநூறு வயதாவது இருக்கும். அந்த ஒரு வேட்டுக்காகத்தான் மாசியில் கருப்பராயன் கோயில் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு முதல் மரியாதை. அப்பா துப்பாக்கியை ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பார். கோயில் வாசலில் ராக்கையா என்பவர் "ஒத்த வேட்டுக்காரரு ஊடு வருதுங்கோ" என்று கூவிவிட்டு, மண்ணில் புதைத்த அதிர்வேட்டுக்குத் தீ வைப்பார். அது வெடித்த பிறகுதான் மற்ற எதுவும் நடக்கும். அப்பாவுக்கு முதுகு கொஞ்சம் கூன் விழுந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் அது எப்படியோ நிமிர்ந்துவிடும்.

அந்தத் துப்பாக்கிக்கென்று ஒரு முறை உண்டு. வாயில் வேப்பங்கட்டை ஆப்பு ஒன்று எப்போதும் அடைத்திருக்கும், அதைப் பிடுங்கக் கூடாது. வேட்டு வெடித்து முடிந்ததும், குழலின் அடியில் வலது ஓரமாக ஓரிடத்தில், அந்த வீட்டுக்கு வாழவந்த பெண் ஈரச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைக்க வேண்டும். வைத்துவிட்டு, பூசாரியைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவள் தலையாட்டினால்தான் பூசாரி கற்பூரம் பற்றவைப்பார். பழைய பொட்டைச் சுரண்டக் கூடாது, அதன் மேலேயே புதுசு. என் அம்மா மயிலாளுக்கு அவள் மாமியார் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மாமியாருக்கு அவள் மாமியார். அப்படி ஏறி ஏறி, சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கல்லாகிக் கிடந்தது.

கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு அதன்மேல் கண். அப்பா தொடவிட மாட்டார். மாப்பிள்ளை, காப்பி குடிங்க என்று பேச்சை மாற்றிவிடுவார். இந்த வருஷம் துப்பாக்கியின் பின்கட்டையில் கரையான் ஏறிவிட்டது. அதைப் பார்த்ததும் அப்பா ஆடிப்போய், அவராகவே துணியில் சுற்றி இவர் கையில் கொடுத்தார். பொட்டில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று ஒரே ஒரு சொல். இவரும் சரிங்க மாமா என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தார். வந்த பிறகு, குங்குமம் இரும்பைத் தின்றுவிடும், பொட்டுக்கு அடியில் குழி விழுந்திருக்கும் என்று முனக ஆரம்பித்தார். சாப்பிடும்போது முனகினார், தூக்கத்தில்கூட முனகினார். ஒரு சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வந்தபோது பொட்டு இல்லை.

எங்கப்பா முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று பிடித்துக் கத்தினேன். இவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். துடைத்த இரும்பின்மேல் தண்ணீர் ஓடிக் காய்ந்ததுபோல மெல்லிய கோடுகள். சாய்ந்து சாய்ந்து, குழலைச் சுற்றிக்கொண்டே வாய்வரைக்கும் ஏறின. இரும்பைப் பட்டையாக அடித்து, நாடா சுற்றுவதுபோலச் சுற்றி, காய்ச்சிக் காய்ச்சித் தட்டி ஒட்டவைத்திருக்கிறான், ஒரு இடத்தில் கை பிசகியிருந்தாலும் முதல் வேட்டிலேயே பிளந்திருக்கும் என்றார். எனக்குத் திருகல் தெரியும். வட்ட மெஷினில் பின்னின துணியைத் துவைத்தால் திருகிக்கொள்ளும், அதற்காகவே ஆர்டர் திரும்பி வந்து நான் அழுதிருக்கிறேன். இங்கே பார்த்தால் அந்தத் திருகலே பலமாக இருந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில், உலை வெளிச்சத்தில், ஒரு மனிதன் இதைச் செய்து முடித்து, பேர்கூட வெட்டாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்னத் துளை இருந்தது. ஊசியின் காது மாதிரி. அது வழியாகத்தான் நெருப்பு உள்ளே போகும் என்றார். அப்போது எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

பழைய துப்பாக்கி எது கைக்கு வந்தாலும் முதலில் கம்பி விட்டு உள்ளே ஏதும் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததில்லை, மற்றவர்களுக்கு அவர்தான் பாடம் எடுப்பார். ஆனால் வாயில் இருந்த ஆப்பு ஊறி இறுகிப்போய் வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கிற நாளில் கை சும்மா இருக்கவில்லை, பொட்டைச் சுரண்டிவிட்டது. ஆப்பு வந்தது, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அன்றைக்குக் காலையில்தான்.

படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். அந்தத் துப்பாக்கிக்குக் கீழே தொட்டில் கட்டித்தான் அக்ஷராவைத் தூங்கவைத்தேன். தேர்தல் வந்தால் அப்பா அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கிவருவார். எத்தனை தேர்தலுக்கு அது நிறைந்த வாயோடு போலீஸ்காரர்கள் மத்தியில் தூங்கி எழுந்து வந்திருக்கிறது. வருஷா வருஷம் பூசாரி அதைச் சுற்றிச் சுற்றிக் கற்பூரம் காட்டியிருக்கிறார், குழலை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறார். விடிந்தால் கோயில் பொங்கல். நாளைக்கும் அதே கற்பூரம், அதே நெஞ்சு. அந்த ஊசிக்காதுத் துளை மட்டும் இப்போது திறந்து கிடக்கிறது.

இவர் பசீர் பாய்க்குப் போன் போட்டார். பசீர் அகமது தாராபுரத்துக்காரர். பட்டாளத்தில் துப்பாக்கி ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றுவந்து, இங்கே மெஷின் ஊசிக் கடை வைத்திருக்கிறார். இவருக்கு இருக்கிற அதே கிறுக்கு அவருக்கும், ஆனால் நிதானமான கிறுக்கு. வந்தவர் முதலில் பனியன் வேஸ்ட்டை நனைத்துப் பிழிந்து அந்தத் துளைமேல் வைத்துக் கட்டினார். அப்புறம்தான் மூச்சுவிட்டார். இதை யார் இவ்வளவு நாள் அடைத்துவைத்திருந்தார்கள் என்று கேட்டார். அடைக்கவில்லை, பொட்டு வைத்தார்கள் என்றேன். எங்கே என்றார். இவர் துளையைக் காட்டினார். முறை என்ன என்றார். நான் சொன்னேன். முதலில் ஈரச் சந்தனம், அழுத்தி, அப்புறம் தலையாட்டுவது, அதற்கப்புறம் கற்பூரம். பசீர் பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாவே. இதப் பொட்டுன்னா சொன்னீங்க? எங்க பட்டாளத்துல இதுக்குத் தனியா ஒரு ஆளப் போட்டு, பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க" என்றார்.

அவர் சொன்னதை வாங்கி மண்டைக்குள் போட்டுக்கொள்ள எனக்கு நேரம் பிடித்தது. நெருப்பு வருவதற்கு முன்னால் வாசலை ஈரத்தால் அடைக்க வேண்டும். அடைத்தவள் அடைத்தாயிற்று என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நெருப்பு வரலாம். இதை எவளோ ஒருத்தி யோசித்து, யோசித்ததைச் சாமி காரியமாக மாற்றி, மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். காரணம் எங்கோ வழியில் விழுந்துவிட்டது. காரியம் மட்டும் ஒரு வருஷம்கூடத் தவறாமல் எங்கம்மா கட்டைவிரல்வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. படித்த மனுஷர், என் வீட்டுக்காரர், அதைச் சுத்தம் செய்கிறேன் என்று சுரண்டி எடுத்துவிட்டார் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அங்கேயே தண்ணீர் ஊற்றி மருந்தைக் கொன்றுவிடலாம் என்றார் பசீர் பாய். அது நம் பொருள் இல்லை, மாமாவைக் கேட்காமல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன் என்றார் இவர். செய்த தப்புக்கு அந்த மட்டுமாவது மரியாதை வேண்டாமா. அப்பாவுக்குப் போன் போட்டோம். எங்க சாமிய எங்கூட்டுக்குக் கொண்டாங்க, இங்க வெச்சுப் பேசலாம் என்று போனை வைத்துவிட்டார். ஸ்டேஷனுக்கும் சொன்னோம். அனுபவப்பட்டவர் கூட இருந்தால் சரி, ஓர் ஏட்டையாவை அனுப்புகிறோம் என்றார்கள். ஈரத்துணி கட்டின துப்பாக்கியைப் பின்சீட்டில் பசீர் பாய் பிடித்துக்கொள்ள, வெள்ளகோவில்வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் கருப்பராயனைக் கூப்பிட்டேன், அவர் அவருடைய ஆண்டவனைக் கூப்பிட்டார்.

பொங்கலுக்காகக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தக் குடங்கள் வந்து, ஆசாரத்தில் வாழையிலைமேல் இருந்தன. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், பொட்டை எடுத்ததையும் மறைக்கவில்லை. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரும்பப் பொட்டு வைத்துவிடலாம், எப்போதும்போல எடுத்துப் போகலாம், இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லையே என்றார் ஒரே குரலில்.

"ஐயா, இந்த மருந்துக்கு வயசாகாதுங்க. ஈரம் படலீன்னா நேத்து வெச்ச மாதிரியேதான் இருக்கும்" என்றார் பசீர் பாய்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் மனதில் ஓடினது நெருப்பு இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "நெறஞ்சிருக்குதுன்னா, அப்ப சாமியப்பன் சுடலீங்களா?" என்று கேட்டார். சுட்டுவிட்டு மறுபடியும் நிறைத்து வைத்திருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படித்தான் வைப்பார்கள் என்று பசீர் பாய் சொன்னதும், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாங்க, அப்படித்தான் இருக்கோணும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அப்படியும் சாமி வாயில் தண்ணீர் ஊற்றுவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. கதவோரமாக நின்ற அம்மா, பொட்டைப் பற்றி மட்டும் பசீர் பாயிடம் திரும்பக் கேட்டாள். எந்த இடம், எதற்கு ஈரம், எதற்குத் தலையாட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் உள்ளே போய், ஒரு தீர்த்தக் குடத்தைத் தூக்கிவந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"தீர்த்தத்தையே ஊத்துங்க. என்ற கையில இவ்வளவு நாளாத் தீய புடிச்சு வெச்சிருந்திருக்கறன். இனி முடியாது" என்றாள்.

தோட்டத்துக் கிணற்றடியில் கல்தூணோடு சேர்த்துத் துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்திக் கட்டி, துளைமேல் இருந்த ஈரத்துணியை அவிழ்த்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டையா, பாதுகாப்புக்கு என்று ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அபிஷேகம் செய்கிற மாதிரியே, செம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிள்ளை பால் குடிக்கிற சத்தம் வந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சின்னத் துளையில் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழுந்தது. இன்னொன்று திரண்டது. அப்புறம் நூல்போல ஒழுக ஆரம்பித்தது, மைக்கறுப்பு. தீபாவளி விடியற்காலை வாசனை கிணற்றடி முழுக்கப் பரவியது. பட்டியில் கட்டியிருந்த காளை மூக்கை விடைத்துக் கயிற்றை இழுத்தது. அந்த வாசனைக்குள்ளே இருந்த கந்தகமும் கரியும், எங்கள் பாட்டன் முப்பாட்டன் எவரும் பிறப்பதற்கு முன்னால் எவனோ அரைத்துக் கலந்தது. இத்தனை பேர் பிறந்து, கல்யாணம் கட்டி, செத்துப்போகிறவரைக்கும் அது அந்த இருட்டுக்குள் கண் மூடாமல் இருந்திருக்கிறது. அப்பாவின் வெள்ளை வேட்டியில் கறுப்புச் சொட்டு தெறித்திருந்தது. அவர் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

பசீர் பாய், நுனியில் திருகாணி வைத்த கம்பியை இறக்கி, மெல்ல மெல்லத் திருகி இழுத்தார். முதலில் ஓர் ஈரத் துணிச்சுருள் வந்தது. குண்டு உருண்டு வராமல் மேலே வைத்து இறுக்கிற துணி. துணி உங்க டிபார்ட்மெண்டுங்க என்று என் கையில் வைத்தார். நான் நூல் எண்ணுகிற செக்கிங் கண்ணாடியை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். விரித்து, அதை வைத்துப் பார்த்தேன். கையால் நூற்ற நூல். ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தால் நானே தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு தடிப்பிலும் ஒருத்தியின் விரல் நின்று நகர்ந்தது தெரிந்தது. ஓரத்தில் சிவப்புக் கரை. சாயம் இன்னும் போகவில்லை. கத்தரிக்கவில்லை, கிழித்திருந்தார்கள். நூல்முனைகள் குட்டையும் நெட்டையுமாக நின்றன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இது முந்தானை என்றாள். அதற்குப் பிறகு வெள்ளை பூத்த ஈயக்குண்டு ஒன்று வந்து பசீர் பாயின் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் இன்னொரு துணி, அது மருந்தில் ஊறிக் கறுத்திருந்தது.

இவர் குழலை உலரத் துடைத்து, டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பசீர் பாயிடம் கொடுத்தார். அவரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நானும் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆழக் கிணற்றுக்குள் நிலா விழுந்த மாதிரி, வழுவழுவென்று ஒரே வெளிச்சம். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் அந்த அழகில்தான் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்பாவும் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நெசத்தச் சொல்லுங்க. இது வெடிச்ச துப்பாக்கிதானா?"

இவர் பொய் சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டேன். வியாபாரத்தில் எத்தனை பொய் சொல்கிறோம், இன்னொன்று சொன்னால் குடிமுழுகியா போய்விடும். இவர் டார்ச்சை அணைத்தார். மருந்து வெடித்தால் அதன் உப்பு இரும்பைக் கடித்துத் தடம் வைத்துவிட்டுப் போகும், எவ்வளவு கழுவினாலும் போகாது என்றார். "எனக்கு அந்தத் தடம் தட்டுப்படலீங்க மாமா" என்றார்.

அப்பா இடுப்பில் கட்டின துண்டை அவிழ்த்தார். கட்டிலில் போய் உட்கார்ந்தவர், சாயங்காலம்வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஒத்த வேட்டுக்காரர் வீடு என்று அத்தனை பேர் முன்னால் முதுகை நிமிர்த்தி நடந்த நடையெல்லாம் அவருக்குள் திரும்ப நடந்துகொண்டிருந்திருக்கும். சாமியப்பன் என்ன செய்தார்? நிறைத்துவிட்டுக் காத்திருந்து சிறுத்தை வராமலே போயிற்றா, வந்து நின்று கண்ணுக்குக் கண் பார்த்ததும் இறக்கிவிட்டாரா, கிழித்துக் கொடுத்தவளே வேண்டாம் என்று கையைப் பிடித்தாளா? தெரியாது. தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை. காப்பி கொண்டுபோனபோது அப்பா என்னிடம், சுடாமலே இத்தனை காலம் மரியாதை வாங்கியிருக்கிறோமே கண்ணு என்றார். அம்மாதான் அடுக்களையிலிருந்து வந்து பிடித்துக்கொண்டாள்.

"அவரு சுட்டாரோ சுடலையோ, அது உங்கூட்டுக் கத. நெறச்சு வெச்சுப்போட்டு, காவலுக்குப் பொம்பளைய வெச்சாங்க பாருங்க, அத ஒருத்தராச்சும் என்றகிட்டச் சொன்னாங்களா?" என்றாள். அன்றைக்கு முன்னால் எங்கம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவர் அவளை அப்படிப் பார்த்தும் நான் கண்டதில்லை.

அந்தத் துணியை, பனியன் பேக்கிங்குக்கு வைக்கிற மெல்லிய வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து இவர் உலர்த்தினார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். துரு எடுக்க வந்தவர், கடைசியில் ஒரு விரற்கடைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேலி செய்யவில்லை.

மறுநாள் அப்பா துப்பாக்கியை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். கூன் அப்படியேதான் இருந்தது. மேளமும் குலவையுமாகக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ராக்கையா வேட்டுக்குப் பக்கத்தில் தீக்கங்கோடு குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து தொண்டையைச் செருமினார். அப்பா ஒரு கையைத் தூக்கினார்.

"ராக்கையா, இந்த வருசம் வேட்டு வேண்டாம். கூவவும் வேண்டாம்" என்றார்.

மேளம் தானாக நின்றது. பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏனுங்க, என்னாச்சுங்க என்று பின்னால் யாரோ கேட்டார்கள். அப்பா துப்பாக்கியை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துத் திரும்பி நின்றார். அத்தனை கூட்டத்தில் அவ்வளவு அமைதியை நான் அங்கே கேட்டதில்லை. பக்கத்து ஊர்த் தறிச் சத்தம் மட்டும் காற்றில் வந்தது. வருஷா வருஷம் வேட்டு அதிர்ந்த இடத்தில், சுடாத துப்பாக்கி ஒன்று எல்லார் நடுவிலும் நின்றது. அதைப் பார்க்கும்போது எனக்குக் கும்பிடத் தோன்றியது, எப்போதையும்விட அதிகமாக.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கூட்டத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பசீர் பாய்க்கும் தெரியும். கட்டைவிரலால் தடவி அந்தத் துளையைக் கண்டுபிடித்து, சந்தனத்தை அழுத்தினாள். இவர் எண்ணெய் போட்டுப் போட்டு இரும்பை வழுவழுப்பாக்கி வைத்திருந்தாரே, பொட்டு நிற்காமல் வழுக்கி இறங்கியது. அம்மா அவசரப்படவில்லை. முந்தானையை எடுத்து அந்த இடத்தை உலரத் துடைத்தாள். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். திரும்ப வைத்து, விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றாள். தட்டில் கற்பூரம் இருந்தது. பூசாரி தீக்குச்சியைப் பெட்டியோரத்தில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். கூட்டம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. அம்மா இன்னும் தலையாட்டவில்லை.